ஊறாத மீன்

"கடல் மீன்ல உப்பு சாஸ்தி. பிரஷர் இருக்கிறவங்க ஆத்து மீனாப் பாத்து வாங்குங்க." தேக்கா ஈரச்சந்தையின் மீன் கடைப் பக்கம் போய்வருகிற யாருக்கும் இந்தத் தீர்ப்பு புதிதல்ல. சொல்பவர் கடைக்காரராக இருக்கலாம், பக்கத்தில் நின்று வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கும் ஆன்ட்டியாகவும் இருக்கலாம். கேட்டவர் தலையாட்டிவிட்டுத் திலாப்பியா இருக்கும் தட்டுக்கு நகர்ந்துவிடுவார். கடல் உப்பு, மீன் கடலில் கிடக்கிறது, ஆகவே மீனும் உப்பு. உப்பில் ஊறிய மாங்காயைப் பற்றியதென்றால் இந்தத் தர்க்கத்தில் குறையே இல்லை.

இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. மீன் வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் அது அடிக்கடி கேட்கக் கிடைக்கும். "கொடுவா எந்தத் தண்ணியிலயும் வாழும். உப்போ நன்னீரோ, அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்." முதல் பேச்சு, தண்ணீரின் உப்பு மீனுக்குள் அப்படியே ஏறிவிடும் என்கிறது. இரண்டாவது, தண்ணீரின் உப்பு மீனை ஒன்றுமே செய்யாது என்கிறது. நேர் எதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே நினைப்பில் முளைத்தவை: மீன் எதுவும் செய்வதில்லை, தண்ணீரில் சும்மா கிடக்கிறது. அந்த நினைப்போடுதான் எனக்குச் சண்டை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். திறந்த கடலில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். சிங்கப்பூரைச் சுற்றி மழையும் ஆறுகளும் கலப்பதால் 30 கிராமை ஒட்டி நிற்கும். அதில் நீந்தும் வஞ்சிரம், செப்பிலி, கொடுவா போன்ற எலும்பு மீன்களின் ரத்தத்தை உப்புக் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு 10 முதல் 12 கிராம்வரைதான் வரும். கடலில் மூன்றில் ஒரு பங்கு. மருத்துவமனையில் நமக்கு ஏற்றும் உப்புக் கரைசலில் லிட்டருக்கு 9 கிராம். கடல் மீனின் ரத்தம், அது வாழும் கடலைவிட நம் ரத்தத்துக்குத்தான் நெருக்கம்.

தசை ரத்தத்தையும்விடச் சோடியம் குறைந்த இடம். தசைச் செல்கள் சோடியத்தை வெளியே வைத்துப் பொட்டாசியத்தை உள்ளே நிரப்பிக்கொள்பவை. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையை எடுத்துப் பாருங்கள். சமைக்காத 100 கிராம் செப்பிலியில் 64 மில்லிகிராம் சோடியம். வட அட்லாண்டிக்கின் காட் மீனில் 54. திலாப்பியாவில் 52. பண்ணையில் வளர்த்த நன்னீர்க் கெளுத்தியில் 98. பிரஷருக்குப் பயந்து செப்பிலியை விட்டுவிட்டுக் கெளுத்தி வாங்கிப் போகிறவர் கூடுதல் சோடியத்தைத்தான் பையில் போட்டுக்கொண்டு போகிறார். அந்தக் கூடுதலும் பொருட்படுத்தத் தக்கதல்ல. உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. சிங்கப்பூர்வாசி சராசரியாக 3,620 மில்லிகிராம் சாப்பிடுகிறார் என்று 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வு சொன்னது. கால் கிலோ செப்பிலி இதில் 160. ஒரு தேக்கரண்டி உப்பு தனியாளாக 2,300.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன் தலைக்கறி சாப்பிட்டுவிட்டு மறுநாள் பிரஷர் ஏறியது என்று மீனின் மேல் பழி போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். தலை குற்றமற்றது. புளிக்குழம்பில் விழுந்த கைப்பிடி உப்பையும், பக்கத்தில் வைத்த அப்பளத்தையும் ஊறுகாயையும் விசாரித்துவிட்டுத் தலையிடம் வரலாம்.

எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லவும் மாட்டேன். கருவாடு உப்புத்தான், அந்த உப்பு கரையில் மனிதன் போட்டது. பதப்படுத்தும்போது உப்புநீரில் முக்கி உறையவைத்த மீன் துண்டங்களிலும் சோடியம் கூடும். சிப்பி, மட்டி விஷயத்தில் சந்தையின் பேச்சு ஏறக்குறைய சரியானதே. முதுகெலும்பில்லாத அந்தக் கடல் உயிர்கள் உடல்நீரைச் சுற்றுநீரோடு ஒப்ப வைத்துக்கொள்பவை; கடல் உப்பேறினால் அவற்றின் உள்ளும் ஏறும். நீல மட்டியின் 100 கிராம் சதையில் 286 மில்லிகிராம் சோடியம். மட்டிக்குப் பொருந்தும் விதியை மீனின் தலையில் கட்டியதுதான் தவறு.

சுறா வேறு வழி கண்டது. அது உப்பால் உடலை நிரப்பாமல், யூரியாவைச் சேர்த்துவைத்து உடல்நீரைக் கடலுக்குச் சமமாக்கிக்கொள்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்யும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், சுறா கொஞ்சம் பழையதானாலும் மூக்கைப் பிடிக்கவைக்கும் அம்மோனியா நாற்றம் எழும் என்பார்கள். பாக்டீரியா உடைத்துப்போட்ட யூரியாவின் வேலை அது.

இனி எலும்பு மீன்களுக்கு வருவோம். உள்ளே 11, வெளியே 30. உப்பு மிகுந்த பக்கம் நோக்கித் தண்ணீர் ஓடும். மூச்சுக்காற்று புகுவதற்காகவே செவுளின் தோல் அவ்வளவு மெல்லியதாக இருக்கிறது. அந்த மெல்லிய தோல் வழியே மீனின் உடல்நீர் கடலுக்குக் கசிந்துகொண்டே இருக்கும், கடலின் உப்பு மீனுக்குள் வந்துகொண்டே இருக்கும். அதாவது கடல் மீன் எந்நேரமும் காய்ந்துகொண்டிருக்கும் உயிர். நீரை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடிக்கிறது. நன்னீர் மீன் குடிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதற்குத் தலைகீழ்த் துன்பம், கேட்காமலேயே தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது.

தண்ணீருக்குள் திரியும் மீன் எப்போது தண்ணீர் குடிக்கிறது என்று எவராலும் அறிய முடியாது, அதுபோலத்தான் அதிகாரி அரசுப் பணத்தில் கைவைப்பதும் என்று அர்த்தசாஸ்திரத்தில் கௌடில்யர் எழுதியிருக்கிறார். அதிகாரிகள் விஷயம் இன்னும் அப்படியே இருக்கலாம். மீன் விஷயம் 1930இல் தீர்ந்தது. ஹோமர் ஸ்மித் என்னும் அமெரிக்க உடலியங்கியலாளர், குடலால் உறிஞ்சப்படாத ஒரு சிவப்புச் சாயத்தைக் கடல்நீரில் கலந்து மீனை விட்டார். சாயம் மீனின் குடலில் அடர்ந்து நின்றது. குடித்த நீரை உடல் எடுத்துக்கொண்டது, சாயம் மட்டும் தங்கிவிட்டது. ஆனால் குடித்த நீரோடு உப்பும் ரத்தத்துக்குள் போயாக வேண்டும். அது எங்கே போகிறது? மீனின் சிறுநீரகத்தால் ரத்தத்தைவிட உப்பான சிறுநீரைச் சுரக்க முடியாது. மக்னீசியத்தையும் சல்பேட்டையும் கொஞ்சம் வெளியேற்றுவதோடு அதன் சாமர்த்தியம் முடிந்துவிடும். சோடியமும் குளோரைடும் செவுள் வழியாகத்தான் போக வேண்டும் என்று ஸ்மித் ஊகித்தார்.

1932இல் கேம்பிரிட்ஜில் ஆன்சல் கீஸும் எட்வர்ட் வில்மரும் விலாங்கின் செவுளில் உப்பை வெளியே தள்ளும் செல்களை அடையாளம் கண்டார்கள். இந்தக் கீஸ் யாரென்று தெரிகிறதா? பிற்காலத்தில் கொழுப்பு உணவுக்கும் மாரடைப்புக்கும் முடிச்சுப் போட்டு உலகத்தையே பயமுறுத்திய அதே மனிதர். இதயத்தைப் பற்றிக் கவலைப்பட்டு மீன் கடையில் தயங்கி நிற்பவருக்கு மீன் உப்பைத் துப்பிவிடுகிறது என்று சொல்லத் தகுதியான ஆள் அவரைவிட வேறு யார்?

துப்புவது என்பது சும்மா நடக்கும் வேலையல்ல. வெளியே ஏற்கெனவே மூன்று மடங்கு உப்பு நிற்கிறது. அந்த மேட்டின் மேல் உப்பை ஏற்ற வேண்டும். அந்தச் செல்கள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களால் நெருக்கமாக நிரம்பியிருப்பது அதற்காகத்தான். அவற்றை ஓட்டும் சோடியம்-பொட்டாசியம் விசையை 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ கண்டறிந்தார். நண்டின் நரம்பில் நடந்த அந்தக் கண்டுபிடிப்புக்கு 40 ஆண்டு கழித்து நோபல் வந்தது. குளோரைடு வெளியேறும் வாசல், மனிதரில் பழுதானால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நுரையீரல் நோயைத் தரும் அதே புரதம். குடித்த கடல்நீரின் கால்சியமும் மக்னீசியமும் குடலிலேயே சுண்ணமாகப் படிந்து வெள்ளைத் துகளாக வெளியேறுகின்றன. உலகக் கடல்களின் மேல்நீரில் உருவாகும் கார்பனேட்டில் குறைந்தது 3 விழுக்காடு, ஒருவேளை 15 விழுக்காடுவரை மீன்களின் குடலில் செய்யப்படுவதாக 2009இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சும்மா கிடக்கிறது என்று நாம் சொல்லும் உயிர் இத்தனையும் செய்கிறது.

சந்தேகம் தீராதவர்களுக்குத் திலாப்பியாவையே சாட்சிக்கு அழைக்கிறேன். தமிழ்நாட்டில் ஜிலேபி என்று பெயர்பெற்ற மொசாம்பிக் திலாப்பியா, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. குளத்து மீன் என்று நாம் நம்பும் அது, பழக்கினால் முழுக் கடல்நீரிலும் நன்றாக வாழும். கீஸ் கண்ட செல்தான் உப்பை வெளியேற்றுகிறது என்பதற்கு ஐயத்துக்கிடமில்லாத சான்று 1982இல் கிடைத்ததும் கடல்நீருக்குப் பழக்கிய இந்தத் திலாப்பியாவின் செவுள் மூடியில்தான். ஒரே மீன், இரண்டு தண்ணீர், ரத்தத்தின் உப்பில் சிறு வேறுபாடு மட்டுமே. தண்ணீரே மீனை உப்பாக்குகிறது என்றால் கடல்நீர்த் திலாப்பியா கருவாடாக அல்லவா நீந்த வேண்டும்?

"அப்படியானால் கடல் மீன் ருசியும் குளத்து மீன் ருசியும் ஏன் வேறுபடுகின்றன?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. நாக்கு சரியாகத்தான் சொல்கிறது, நாம் காரணத்தைத் தவறாகச் சொல்கிறோம். குளத்து மீனின் சேற்று வாடை நீலப்பச்சைப் பாசியும் சில மண் பாக்டீரியாக்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் போன்ற பொருள்களால் வருவது. மீனின் கொழுப்பில் அது தங்கிவிடும். சுத்தமான நீரில் சில நாள் விட்டால் போய்விடும். உப்பே தேவையில்லை. கடல் மீனின் கடல் மணத்தில் பெரும்பங்கு அது தின்னும் புழுக்களிலிருந்தும் பாசிகளிலிருந்தும் சேரும் புரோமின் சேர்மங்களுடையது. உப்பு மறைமுகமாக ஒரு வேலை செய்வதும் உண்மை: உப்பு கூடிய நீரில் சில மீன்களும் இறால்களும் செல்களின் கன அளவைக் காத்துக்கொள்ள இனிப்பும் சுவையும் தரும் அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் சேர்த்துவைக்கின்றன. அந்த இனிப்பு, உடல் உப்பை எதிர்த்து நின்றதன் தடயம். உப்பு ஏறிப்போனதன் தடயமல்ல.

இப்போது இரண்டாவது பேச்சு: கொடுவாவுக்கு எல்லாம் ஒன்று. இதைச் சொல்பவர்கள் சந்தை ஆன்ட்டியைவிட விவரமானவர்கள், ஆகவே ஆபத்தும் கொஞ்சம் கூட.

மழை பெய்து நீர் 30லிருந்து 11க்கு இறங்குகிறது என்று வையுங்கள். உள்ளும் புறமும் சமம், மேடு பள்ளம் இல்லை. இன்னும் இறங்கி 3க்கு வந்தால் எல்லாமே தலைகீழ். உப்பு வெளியே ஓடப் பார்க்கும், தண்ணீர் உள்ளே பாயும். மீன் குடிப்பதை நிறுத்த வேண்டும். சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்ட சிறுநீரகம் நீர்த்த சிறுநீரை ஏராளமாகப் பெய்ய வேண்டும். உப்பைத் தள்ளிக்கொண்டிருந்த செவுள், உப்பே அரிதாகிவிட்ட நீரிலிருந்து அதை உறிஞ்சத் தொடங்க வேண்டும். குடிப்பதைச் சில மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். செவுளின் பழைய செல்களைக் கழித்துப் புதிய வகைச் செல்களை வளர்க்க நாள்கணக்கில் ஆகும்.

இந்த மாற்றத்துக்கு ஆணையிடுவது ஹார்மோன். நன்னீருக்குத் தயாராக்குவதில் முதலிடம் புரோலாக்டினுக்கு. தாய்ப்பாலோடு சேர்த்து நாம் அறிந்திருக்கும் அதே புரோலாக்டின். கடல்நீருக்குத் தயாராக்குவதில் கார்டிசோல். பிட்யூட்டரியை எடுத்துவிட்ட சிறு கில்லி மீனுக்குப் புரோலாக்டின் கொடுத்தால் நன்னீரில் பிழைக்கிறது, கொடுக்காவிட்டால் சாகிறது என்று கிரேஸ் பிக்ஃபோர்டும் ஜான் பிலிப்ஸும் 1959இல் காட்டினார்கள். அதே கேள்வியைக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் முள்முதுகு மீனில் 1960களில் ஆராய்ந்த லாம் டூங் ஜின் பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தார். நம் தீவில் அறியாமை இருக்கிறதென்றால் ஆள் இல்லாத குறையால் அல்ல.

ஆகவே கொடுவாவுக்கு இரண்டு தண்ணீரும் ஒன்றல்ல. இரண்டு உடல்கள் அதனிடம் உண்டு, ஒன்றைக் கழற்றி மற்றதைப் பூட்டிக்கொள்ளக் கால அவகாசம் வேண்டும் என்பதே சரி. பண்ணைக்காரர்கள் மீனின் ஒட்டுண்ணிகளைக் கொல்லச் சில நிமிடம் நன்னீரில் முக்கி எடுப்பார்கள். "பார்த்தீர்களா, நன்னீர் அதை என்ன செய்தது?" என்று இதையே எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். சில நிமிடத்தில் ஒட்டுண்ணி வெடித்துச் சாகிறது, மீன் பிழைக்கிறது. இருவருக்கும் நடந்தது ஒரே தாக்குதல். மீனுக்குத் தோலும் சிறுநீரகமும் இருந்ததால் தாங்கியது. முக்கியவர் நேரம் பார்த்து மீனை எடுத்துவிடுகிறார் அல்லவா? ஒன்றும் செய்யாத தண்ணீர் என்றால் எதற்குக் கடிகாரம்?

இதைவிடக் கூர்மையான வாதம் ஒன்று உண்டு. ரத்தத்துக்குச் சமமான உப்பில் வளர்த்தால் உப்பைத் தள்ளும் செலவு மிச்சம், அதனால் மீன் வேகமாகக் கொழுக்கும் என்பது அது. பல மீன்களின் குஞ்சுகள் இடைப்பட்ட உப்பில் நன்றாக வளர்வது உண்மை. ஆனால் மிச்சமாகும் செலவு எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. உடலின் மொத்த ஆற்றலில் சில விழுக்காடு என்பார் ஒருவர், 20க்கு மேல் என்பார் இன்னொருவர். அமைதியான நாளில் சிறிய எண்ணே உண்மைக்கு அருகில் இருக்கும் என்பது என் எண்ணம். பசி, தீனி செரிக்கும் திறன், ஹார்மோன் எல்லாம் உப்போடு சேர்ந்து மாறுவதால் வளர்ச்சியை ஒரே காரணத்தில் கட்டிவைக்கவும் முடியாது. உப்பைக் குறைத்தால் எடை கூடும் என்று முதலீட்டாளரிடம் படம் காட்டுபவர், மீன் நிம்மதியாக இருக்கும் நாளின் கணக்கை மட்டும் காட்டுகிறார்.

நிம்மதியில்லாத நாளில் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயத்தின் கரு அங்கேதான் இருக்கிறது. மீனுக்கு மூச்சு விடுவதும் செவுள், உப்பைக் காப்பதும் செவுள், அம்மோனியாக் கழிவை வெளியேற்றுவதும் செவுள். ஆக்சிஜன் குறைந்தால் மீன் செவுளுக்கு அதிக ரத்தத்தை அனுப்பி, பரப்பை முழுவதும் திறந்து, வேகமாக நீரைப் பாய்ச்சும். காற்றுக்காகத் திறந்த அதே கதவு வழியாக உப்பும் நீரும் தவறான திசையில் கூடுதலாக ஓடும். காற்று வேண்டுமென்றால் உப்புக் கணக்கு கெடும். உப்பைக் காக்கக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும். வெப்பம் ஏறினால் உடலுக்கு வேண்டிய ஆக்சிஜன் கூடுகிறது, நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. இழுபறி இன்னும் மோசமாகும். உப்பு தாறுமாறாக மாறும் வாரத்தில் இதே செவுள் தன் செல்களையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. எனவே "இந்த மீன் எத்தனை கிராம் உப்புவரை தாங்கும்?" என்று ஒற்றை எண்ணைக் கேட்பது அரைக் கேள்வி. எந்த வெப்பத்தில், எவ்வளவு ஆக்சிஜனில், எத்தனை நாள் அவகாசத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஜோகூர் நீரிணையின் மிதவைப் பண்ணைகளில் இந்த அரைக் கேள்விக்கு விலை உண்டு. 1924இல் திறந்த காஸ்வே நீரிணையைக் குறுக்கே அடைத்துவிட்டதால் இரு பக்கமும் நீர் தாராளமாகப் புரளாது. கிழக்கில் ஜோகூர் ஆறு வந்து கலக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் வந்தால் கனம் குறைந்த நன்னீர் மேலே போர்வையாகப் பரவி, உப்பு நீர் கீழே அடங்கும். மேல்நீரும் கீழ்நீரும் கலக்காதபோது கீழே ஆக்சிஜன் தீரும். திறந்த கடலில் இருக்கும் மீன் வேறு ஆழத்துக்கோ வேறு இடத்துக்கோ போய்விடும். வலைக் கூண்டில் இருக்கும் கொடுவா எங்கே போகும்? மேலே வந்தால் நன்னீர், கீழே போனால் மூச்சுத் திணறல்.

2006 டிசம்பர் 19 அன்று சிங்கப்பூரில் 24 மணி நேரத்தில் 366 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஜோகூர் வெள்ளத்தில் மிதந்தது. கோத்தா திங்கி மூழ்கியது. அந்த நீர் எல்லாம் ஆறு வழியாகப் புலாவ் உபின் பக்கம் இறங்கியது. 2007 தொடக்கத்தில் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையில் கடல் சாமந்திகள் வெளுத்தன. கடற்பஞ்சுகளும் நட்சத்திர மீன்களும் கூட்டம் கூட்டமாக மடிந்தன. எண்ணெய்க் கசிவும் இல்லை, ஆலைக் கழிவும் இல்லை. உப்புக் குறைந்தது, அவ்வளவுதான். உள்நீரைச் சுற்றுநீரோடு ஒப்பவைக்கும் உயிர்கள் என்று மேலே சொன்னேனே, அவற்றுக்கு உப்பு திடீரென்று இறங்குவது என்றால் என்னவென்று அந்தக் கடற்கரை காட்டியது. மழை நல்லது, கடல் பெரியது, என்ன ஆகிவிடும் என்று இன்னும் சொல்லக் கேட்கிறேன்.

பண்ணை மீன்கள் பெருமளவில் செத்த ஆண்டுகளுக்கு வேறு காரணம் சொல்லப்பட்டது. 2015 தொடக்கத்தில் கிழக்கு ஜோகூர் நீரிணையில் 500 முதல் 600 டன் மீன் மடிந்தபோது நுண்பாசிப் பெருக்கம் என்றார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாசி எப்படிக் கொல்கிறது? 2014இல் இந்த நீரிணையில் மீன்கள் மடிந்தபோது இனங்காணப்பட்டது கார்லோடினியம் என்னும் பாசி. அந்த இனத்தின் நஞ்சு செல் சவ்வுகளில் ஓட்டை போடுவது. முதலில் அழிவது செவுளின் தோல். செவுள் கிழிந்த மீனுக்கு மூச்சும் போகிறது, கடலுக்கும் ரத்தத்துக்கும் நடுவே அது கட்டிய வரம்பும் உடைகிறது. பாசியால் செத்தது என்று எழுதிக் கோப்பை மூடும்போது, மீன் தன் உப்பைக் காக்க முடியாமல் செத்தது என்பதும் அதே கோப்பில் இருக்க வேண்டும்.

கடைசியாகச் சிலர் நீர்த்தேக்கங்களைக் காட்டுவார்கள். தேக்காவின் கூரையில் விழும் மழை ரோச்சோர் கால்வாய் வழியாகக் காலாங் படுகைக்கும் அங்கிருந்து மரினா நீர்த்தேக்கத்துக்கும் போகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கும்வரை கடல் ஓதம் ஏறி இறங்கிய கழிமுகம் அது. பிறகு மழை உப்பைக் கழுவித் தள்ள, 2010இல் நன்னீர்த் தேக்கமானது. கிராஞ்சி, பாண்டான், கீழ் சிலேத்தார், பொங்கோல், சிராங்கூன் என்று நம் பல கழிமுகங்களும் இப்படித்தான் அடைபட்டன. குடிநீருக்கு வழி வேண்டிய தீவு இது. அணை கட்டியதை நான் குறைசொல்லவில்லை. "கொடுவா தேக்கத்திலும் இருக்கிறதே, ஆகவே மீனுக்கு நட்டமில்லை" என்கிற சமாதானத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

கொடுவா நன்னீரில் வளரும். முட்டையிட உப்பைத் தேடி ஆற்று முகத்துக்கு இறங்கும். நன்னீரில் அதன் விந்தணு இயங்காது, முட்டை பிழைக்காது, பிறந்த குஞ்சுக்கு முதல் வாரங்களில் உப்பு நீர் வேண்டும். ஆணாகத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாகும் மீன் வேறு. கடலுக்கு இறங்க முடியாமல் போனால் இழப்பது மூத்த பெண் மீன்களை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கவைத்தபோதும் தொட்டியில் கடல்நீர்தான் இருந்தது. வளர்ந்த மீன் தாங்கும் உப்பை வைத்து அந்த இனத்துக்கு வேண்டிய உப்பை முடிவுசெய்வது, 30 வயதுக்காரர் சாப்பிடுவதைப் பார்த்துக் கைக்குழந்தைக்கு இலை போடுவதற்குச் சமம்.

கழிமுகம் மீனுக்குத் தந்தது இடைவெளி. சுங்கை பூலோவின் பாலத்தில் நின்று பார்த்தால் மடவையும் வில்லாளி மீனும் ஓதத்தோடு வந்து போவதைக் காணலாம். 5, 10, 20 என்று படிப்படியாக உப்பு மாறும் நீரில் அவை தங்கள் உடலை மாற்றிக்கொள்ளும் வேகத்துக்கு ஏற்ப முன்னேயும் பின்னேயும் நகர முடியும். பழவேற்காடு ஏரி மழைக்காலத்தில் ஏறக்குறைய நன்னீராகி, முகத்துவாரம் மணலால் அடைபட்ட கோடையில் கடலையே விஞ்சும் உப்பாகிறது. அங்கேயும் மாற்றம் வர மாதங்கள் ஆகும். அணைக்கட்டில் அந்தப் படிகள் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் பூஜ்யம், அந்தப் பக்கம் 30. பெருமழையில், கடல் தாழ்ந்திருக்கும் வேளை பார்த்து மரினாவின் ஒன்பது மதகுகள் திறக்கும்போது தேக்கத்தின் மீன்கள் சில, நீரோடு கடலுக்கு அடித்துச் செல்லப்படும். அவற்றில் திலாப்பியா சமாளித்துக்கொள்ளலாம். தென்னமெரிக்க ஆறுகளிலிருந்து வந்த மயில் பாஸுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. மதகு கடந்த கொடுவாவுக்கோ உப்பைத் தள்ளும் செல்களை மறுபடியும் வளர்க்கச் சில நாள் வேண்டும், அதற்குள் தாகம் தீர்க்கத் தெரிந்தாக வேண்டும். எல்லாம் ஒன்றுதான் என்பவர்கள் அந்தச் சில நாள்களைத்தான் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறார்கள்.